ஏழாம் பக்கத்தில் என் கால்விரல்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் வாட்ஸ்அப் குழுவில், சாகாமலேயே மௌத்துக்குரிய துஆவை வாங்கிக்கொண்டவள் நான் ஒருத்திதான். இப்போது இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. பல வருடங்களாகச் சேர்த்து வைத்த என் படிப்பு முழுவதும் ஒரு பச்சை வட்டத்துக்குள் விழுந்து போய்விட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஒழுங்காகச் சொல்கிறேன். உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வருவதற்கு முன்பே கல்யாணம் முடித்தவள் நான். வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில், வடக்கின் முஸ்லிம்கள் எல்லாரோடும் விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து வந்தபோது எனக்கு ஐந்து வயது. அகதி முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் பின்னேர வகுப்பில் படித்தவள், ஒரு நாள் பட்டதாரி ஆவேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு புத்தளம் பக்கத்தில் கனமூலையில் வீடு, பிள்ளைகள், அடுப்பு. மூத்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிவாரியாகப் பதிந்தேன். பாடம் புவியியல். பதிந்து இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதற்கொரு எல்லை உண்டு. இடையில் இரண்டாவது பிள்ளை, உம்மாவின் நீண்ட சுகவீனம் என்று வருடங்கள் போய்விட்டன. எல்லை வருடம் வந்தபோது எனக்கு மிச்சமிருந்தது ஒரேயொரு வினாத்தாள். அதை எழுதினால் பட்டம். விட்டால் அதுவரை சித்தியடைந்ததெல்லாம் செல்லாது, பெயரை வெட்டிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கொரோனா வந்தது.

முன்பு சனி ஞாயிறுகளில் பாலாவியில் பஸ் மாறி, புத்தளம் டவுனில் வகுப்புக்குப் போய் வருவேன். சேர் கரும்பலகையில் எழுதுவார், நான் கொப்பியில் எழுதுவேன், எனக்கு அது போதும். கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் சூம் ஆனது. வகுப்பில் என்னைத் தவிர எல்லாருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. அவர்கள் போனைப் பார்க்காமலே போனில் வேலை செய்யக்கூடியவர்கள். நானோ மூன்றாவது வகுப்பில், மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, கற்பிட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் அண்ணனிடம், “இந்தப் பாரைக்குக் கண்ணே செத்துப் போச்சு, இதப் போய் இன்டைக்குப் புடிச்ச எண்டு செல்றீங்களே” என்று சண்டை பிடித்தேன். பருவக்காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த சேர் நிறுத்திவிட்டு, “மீனை வாங்கின பிறகு தொடருவம்” என்றார். அதன் பிறகு வகுப்பில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை.

எங்கள் வீட்டில் அப்போது இருந்தது ஒரே ஒரு நல்ல போன். அது அவருடையது. என் கணவர் மதுரங்குளியில் சிறிய இரும்புக்கடை வைத்திருப்பவர், எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தின் செயலாளரும் கூட. அதனால் அந்தப் போன் பாதி எங்களுடையது, பாதி ஊருடையது. ‘மஹல்லா அறிவித்தல்’ என்ற பள்ளிவாசல் குழு அதில்தான் ஓயாமல் சத்தம் போடும். மரக்கறி லொறி வரும் நேரம், தண்ணீர் வெட்டு, தடுப்பூசி எல்லாம் அதில் வந்தாலும் முக்கால்வாசி ஜனாஸா அறிவித்தல்தான், யார் மௌத்து, எப்போது அடக்கம் என்று. அறிவித்தல் வந்தால் எல்லாரும் ‘இன்னாலில்லாஹ்’ என்று தொடங்கும் துஆவை எழுதுவார்கள். நல்ல வழக்கம். ஆனால் போகப்போக, அறிவித்தலைத் திறந்து பார்க்க முன்னமே சிலருடைய கை துஆவை எழுதிவிடும் நிலைக்கு வந்திருந்தது. தடுப்பூசி போடும் திகதி வந்தபோதும் ஒருவர் அதைத்தான் எழுதியிருந்தார்.

கொரோனாவில் மௌத்தானவர்களை ஊர் மையவாடியில் அடக்க முடியாத காலம் அது. பெட்டியில் வைத்து, வாகனத்தில் ஏற்றி, கிழக்கே எங்கோ தூரத்தில் கொண்டுபோய் அடக்கினார்கள். அதனால் அந்தக் குழுவில் சத்தம் வந்தாலே, யாருக்கு மௌத்தோ என்று எல்லாரும் பயப்படுவோம்.

பரீட்சையும் வீட்டிலிருந்தே எழுதலாம் என்று அறிவித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நடைமுறையைக் கேட்ட பிறகு அது போய்விட்டது. ஒன்பது மணிக்கு வினாத்தாள் போனுக்கு வரும். பன்னிரண்டு மணி வரை கையால் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, பன்னிரண்டரைக்குள் பல்கலைக்கழக இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்ற முடியாவிட்டால், அதே நேரத்துக்குள், பாடநெறி இணைப்பாளரான மெடத்தின் வாட்ஸ்அப்புக்குப் படங்களாக அனுப்பலாம். நேரம் தப்பினால் எதுவும் ஏற்கப்படாது. மூன்று மணி நேரம் எழுதுவது எனக்குப் பயமில்லை. பிந்திய அரைமணி நேரத்துக்குத்தான் நான் இரவு பகலாக ஓதினேன். ஒத்திகைக்கு வைத்த பரீட்சையில் என் பக்கங்கள் எல்லாம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. பன்னிரண்டு வயது மகள்தான் அவற்றை நிமிர்த்திக் காட்டினாள்.

இன்னொரு வில்லங்கம் சிக்னல். வீட்டுக்குள் கதைக்கலாம், சின்னச் செய்திகள் வரும், படமோ கோப்போ ஏறாது. மேல்மாடிக்கு என்று தட்டுப் போட்டு, சுவர் எழுப்பாமல் நின்றுபோன வீடு எங்களுடையது. தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தத் தட்டின் தென்மேற்கு மூலையில் மட்டும் மூன்று கோடு சிக்னல் நிற்கும். மகளின் பள்ளிக்கூட வகுப்பு, என் வகுப்பு, உடுப்புக் காயப்போடுவது எல்லாம் அங்கேதான்.

பரீட்சைக்காக அவருடைய போன் மூன்றரை மணி நேரம் என்னிடம் இருக்கும் என்பதை அவர் பள்ளிவாசல் தலைவருக்கு அறிவித்தார். தலைவர் தேங்காய் வியாபாரி. ஒரு காலத்தில் முந்தல் பக்கம் இறால் பண்ணையும் வைத்திருந்தவர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. “இந்த வயசில வூட்டுப் பொம்புளைக்கு என்னத்துக்குப் படிப்பு” என்றாராம். என் கணவர் அதை அப்படியே வந்து என்னிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொன்னார். நானும் முகத்தில் காட்டாமல் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

பரீட்சை ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து நான்கைந்து நாளில் வந்தது. பயணத்தடையால் கடை பூட்டு. அவர் சின்னவனைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் நடந்துகொண்டிருந்தார். நான் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். கரையோர வளங்களின் பயன்பாட்டையும் அதனால் உண்டான பிரச்சினைகளையும் உங்களுக்குத் தெரிந்த ஒரு பிரதேசத்தை வைத்து விளக்கச் சொல்லி ஒரு கேள்வி. எனக்கு வாயெல்லாம் பல். முந்தலைத் தாண்டித்தானே எத்தனையோ தடவை சிலாபத்துக்குப் போயிருக்கிறேன். கண்டல் மரங்களை வெட்டிப் பண்ணை போட்டது, ஒரு பண்ணை வெளியே விட்ட அழுக்குத் தண்ணீரையே அடுத்த பண்ணை உள்ளே எடுத்தது, நோய் பரவி இறால்கள் கூட்டமாகச் செத்தது, தொட்டிகள் வெறுமையாகக் கிடந்தது என்று ஐந்து பக்கம் எழுதினேன். பன்னிரண்டு மணிக்குப் பேனையை வைத்தபோது மொத்தம் இருபத்தொரு பக்கம்.

தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தட்டுக்கு ஏறினேன். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆடி மாதத்தில் எங்கள் கரையில் அது ஆளையே தள்ளும். ஒரு தாளை நிலத்தில் வைத்தால் அது கற்பிட்டிக்குப் போகப் பார்த்தது. ஒரு மூலைக்குச் செங்கல், மறு மூலைக்கு மகளின் செருப்பு, மூன்றாவது மூலைக்கு என் கால். சீமெந்துத் தட்டு தகித்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றி, என் தலையின் நிழல் தாளில் விழாமல் உடம்பை வளைத்து, இருபத்தொரு படம் எடுத்தேன். அந்த நேரம் யாராவது கீழிருந்து பார்த்திருந்தால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

படங்களைக் கோப்பாக்கினேன். நேராகத்தான் இருந்தன. பன்னிரண்டு பதினேழுக்கு ஏற்றத் தொடங்கினேன். வட்டம் சுற்றியது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. சுற்றிக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டுக்கு ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்றது. முயற்சித்தேன். மறுபடி சுற்றியது. இருபத்தைந்துக்கு இணையத்தளத்தைக் கைவிட்டேன். மெடத்துக்கு அனுப்புவோம் என்று முடிவு செய்து, படங்கள் எல்லாவற்றையும் தெரிவு செய்து, வாட்ஸ்அப்பைத் தொட்டேன்.

உச்சி வெயிலில் போன் திரையில் என் முகம்தான் தெரிந்தது. மெடத்தின் பெயர் மேலே நிற்க வேண்டும் என்பதற்காகக் தட்டுக்கு ஏறியதுமே அவருக்கு ஒரு ஸலாம் அனுப்பி வைத்திருந்தேன். அவர் தன் படத்துக்குப் பதிலாக ஒரு பச்சைச் செடியை வைத்திருப்பார். வட்டத்துக்குள் பச்சை. கையால் வெயிலை மறைத்துப் பார்த்தேன், பட்டியலில் முதலாவதாக ஒரு பச்சை வட்டம். தொட்டேன். அனுப்பினேன். சரி அடையாளம் விழுந்தது. நேரம் பன்னிரண்டு இருபத்தாறு.

படியில் இறங்கும்போது அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். கீழே அவரும் மகளும் காத்து நின்றார்கள்.

“அனுப்பிட்டியா?”

“ஓம். நாலு நிமிஷம் மிச்சம்.”

போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, கைகால் கழுவி வுளூச் செய்து, நண்பகல் தொழுகையான ளுஹருக்கு நின்றேன். நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் இருக்கும்போது முன்னறையில் போன் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு விடாமல். யாருக்கோ மௌத்து வந்திருக்கிறது, யா அல்லாஹ் என்று நினைத்துக்கொண்டேன். ஸலாம் கொடுத்து எழும்பி வந்தபோது அவர் மோதினாரோடு கதைத்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர் அவர். ஜனாஸா என்றால் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவர்தான். என் கணவரை ‘நானா’ என்று, அண்ணன் முறையில்தான் கூப்பிடுவார். சத்தம் வெளியே கேட்டது.

“நானா, யாருட ஜனாஸா? எத்தின மணிக்கு அடக்கம் எண்டு போடல்லயே. மைக்கில சொல்றத்துக்கு நிக்கிறன்.”

“என்ன ஜனாஸா? நான் ஒண்டும் போடல்லயே.”

“உங்கட நம்பர்ல இரிந்துதானே வந்திரிக்கி. பெரிய லிஸ்ட் ஒண்டு.”

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துக் குழுவைத் திறந்தார். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். முதலில் தெரிந்தது, குழுவின் வட்டத்தில் படமாக வைத்திருந்த எங்கள் பள்ளிவாசலின் பச்சைக் குவிமாடம். அதற்குக் கீழே நான்கு சதுரங்களில் என் கையெழுத்து. அதற்கும் கீழே வரிசையாகப் பதினான்கு பேர் எழுதிய துஆ. நான் படங்களைத் தெரிவு செய்துகொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்துக்குள் யாரோ மரக்கறி லொறி வரும் நேரத்தைப் போட்டிருக்கிறார்கள். குழு மெடத்தைக் கீழே தள்ளிவிட்டு மேலே ஏறியிருக்கிறது. ஒரு பச்சை என்று நினைத்து நான் மற்றப் பச்சையைத் தொட்டிருக்கிறேன்.

அப்போது நேரம் பன்னிரண்டு ஐம்பது. நிலத்தில் இருந்துவிட்டேன்.

அவர் வேறொன்றைப் பார்த்துவிட்டார். “இஞ்ச, இது என்ன?” என்று ஏழாம் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். இடது பக்கக் கீழ் மூலையில், தாளை மிதித்துக்கொண்டு, என் கால் பெருவிரல். பெருநாளைக்கு மகள் இட்டுவிட்ட மருதோண்டி சிவப்புக் கலையாமல் இருந்தது. பள்ளிவாசல் குழுவில், ஊர் ஆம்பிளைகள் எல்லாருடைய போனிலும், செயலாளரின் மனைவியின் மருதோண்டிக் கால்விரல். அதற்கும் ஒருவர் பதில் எழுதியிருந்தார், அன்னாரின் மண்ணறையை அல்லாஹ் விசாலமாக்குவானாக என்று.

“அழிக்கோணும்” என்றார் அவர். “ஒரு மணித்தியாலத்துக்குள்ள அழிச்சாத்தான் எல்லாருட போன்லயும் இரிந்து போகும்.”

“முதல்ல மெடத்துக்கு அனுப்போணும். தாங்க.”

பிடுங்காத குறையாகப் போனை வாங்கி, தட்டுக்கு ஓடி ஏறி, இருபத்தொரு படத்தையும் மெடத்துக்கு அனுப்பி, நடந்ததை நான்கு வரியில் எழுதினேன். அது போய்ச் சேர்ந்ததும், பின்னாலேயே ஏறி வந்த அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவருடைய கோபமும் நியாயம்தான், மனிசனுக்கு வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போக வேண்டுமே. ஒவ்வொரு படமாகத் தொட்டுத் தெரிவு செய்தார். இருபத்தொன்றுக்கும் சரி அடையாளம் விழுந்தது. ‘எல்லாருக்கும் அழிக்கவா’ என்று போன் கேட்டது. அவர் விரல் இறங்கும்போது திரையில் பச்சைச் செடி தோன்றியது. மெடம் அழைத்தார்.

மெடத்தின் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. “தங்கச்சி, எனக்கு உங்கட படங்கள் பன்னிரண்டு ஐம்பத்துநாலுக்குத்தான் வந்திருக்கு. நான் ஏற்க ஏலாது. பரீட்சைச் சபைதான் முடிவெடுக்கும்.”

“மெடம், நான் இருபத்தாறுக்கு அனுப்பினன். இடம் மட்டும்தான் மாறிப் போச்சு. இது எனக்குக் கடைசி வருஷம்.”

மெடம் கேட்டார், “அந்தக் குழுவில அது இன்னும் இருக்கா?”

“இரிக்கி.”

“அப்ப தயவுசெய்து அழிச்சுப்போடாதீங்க. உங்கட போனில இருந்து படம் பிடிச்சு அனுப்பினா சபை நம்பாது. அந்த நேரத்துக்கு அது கிடைச்ச ஒருத்தர், பொறுப்பான ஆள், தன்ட போனில உள்ளதைக் காட்டி ஒரு கடிதம் தந்தா நான் சபைக்குக் குடுக்கிறன். இன்டைக்குப் பின்னேரத்துக்குள்ள.”

அழைப்பு முடிந்ததும் போனை நான் என் மடியில் வைத்துக்கொண்டேன். அவரைப் பார்த்துச் சொன்னேன், “இத அழிச்சீங்க எண்டா, நான் இனி உங்களுக்குத் தேத்தண்ணி கூட ஊத்தமாட்டன்.” அவர் பிடரியைத் தடவினார். பிறகு, “பொறுப்பான ஆள் எண்டா தலைவர்தான்” என்றார். எனக்கு அதுவும் தெரிந்துதான் இருந்தது. அந்த ஊரில் வேறு யாரிடமும் போயிருப்பேன். என்னத்துக்குப் படிப்பு என்று கேட்டவரிடம், நான் படித்த லட்சணத்துக்குச் சாட்சி கேட்டுப் போக வேண்டியிருந்தது.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே போனோம், மாஸ்க்கும் போட்டுக்கொண்டு. இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் அவர் வீடு. கேற்றடியில் நின்றோம். வழியெல்லாம் ஒரு கதையைத் தயார் செய்துகொண்டு போனேன், அவரைக் கண்டதும் எல்லாம் மறந்துவிட்டது. தலைவர் மூக்குக்கண்ணாடியோடும் போனோடும் வெளியே வந்தார். மாமரத்தடியில் மூன்று கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, இருக்கச் சொன்னார். என் கணவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“இது உன்ட எழுத்தா மகள்?”

“ஓம்.”

“இருபத்தொரு பக்கத்தையும் வாசிச்சன். பள்ளிக் குழுவில வந்தது, யாரோ மௌத்தெண்டுதானே நினைச்சன். யாரு மௌத்து, யாரு மௌத்து எண்டு தேடித் தேடி வாசிச்சன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கடைசில பாத்தா எங்கட இறால்தான் மௌத்தாயிரிக்கி.”

சிரிக்கலாமா என்று தெரியாமல் நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஒருத்தன் விட்ட ஊத்தத் தண்ணிய அடுத்தவன் எடுத்தான் எண்டு எழுதி இரிக்கி. அந்த அடுத்தவன் நான்தான். ஆறு தொட்டி. ஒரு கிழமைல எல்லாம் வெள்ளையாப் போய் மிதந்திச்சு. அப்ப ஆரும் இப்பிடி விளங்கப்படுத்தல்ல. இறாலுக்குக் கண்பட்டுட்டுது எண்டுதான் நான் நினைச்சன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார், “இதுக்கு மார்க்ஸ் போடுவாங்களா?”

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. நேரம் தப்பிய கதை, சபை, கடிதம், கடைசி வருடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய்ப் பள்ளிவாசல் கடிதத் தாளும் முத்திரையும் எடுத்து வந்தார். வழக்கமாக அவர் சொல்ல என் கணவர்தான் எழுதுவார். அவர் பேனைக்குக் கை நீட்டியபோது தலைவர் கொடுக்கவில்லை.

“நீ எழுத ஏலாது. நீ இவட மாப்பிள்ள. உன்ட எழுத்தெண்டா அவங்க நம்ப மாட்டாங்க.”

ஒவ்வொரு எழுத்தாக, தானே எழுதினார். அவருடைய போன் திரையைப் படமெடுக்க வேண்டும் என்றபோது அவருக்கு அது தெரியவில்லை. இரண்டு பட்டனையும் ஒன்றாக அழுத்த வேண்டும் என்று நான் தூரத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். அன்றைய நாளில் நான் போன் பாடம் எடுப்பேன் என்று யார் கண்டது. முதல் தடவை போன் அணைந்தது. இரண்டாவது தடவை கமெரா திறந்து மாமரம் படமாக விழுந்தது. மூன்றாவதில் நேரம் தெளிவாக விழுந்தது.

கடிதத்தின் முடிவுக்கு வந்தபோது பேனையை நிறுத்தினார். என் பக்கம் பார்க்காமல், மாமரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“மெடத்துக்குப் போனதும் எனக்கு வந்ததும் ஒண்டுதான் எண்டு காட்டோணும். வேற தாள மாத்தி எழுதிட்டாங்க எண்டு நாளைக்கு ஆரும் செல்லப்படா. ஏழாம் பக்கத்தில ஒரு அடையாளம் இரிக்கி. எழுதவா?”

என் கணவர் இருமினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கால் இரண்டையும் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

“எழுதுங்க” என்றேன்.

அந்தக் கடிதத்தின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘மேற்படி இருபத்தொரு பக்கங்களும் நண்பகல் 12.26 மணிக்கு எனது தொலைபேசிக்குக் கிடைக்கப்பெற்றன. அவற்றை நான் முழுமையாக வாசித்தேன். ஏழாம் பக்கத்தின் இடது கீழ் மூலையில் மருதோண்டி இட்ட கால் பெருவிரல் ஒன்று காணப்படுகின்றது என்பதையும் உறுதிப்படுத்துகின்றேன்.’ அதற்குக் கீழே கையொப்பம், பள்ளிவாசல் முத்திரை. என் கால்விரலுக்கு முத்திரை குத்தியாகிவிட்டது.

அன்று பின்னேரமே அதைப் படமெடுத்து மெடத்துக்கு அனுப்பிவிட்டு, மூன்று கிழமை, இருபத்தொரு நாள், காத்திருந்தேன். அந்த மூன்று கிழமையும் நான் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. சோறு குழைந்தது, கறிக்கு உப்பு இரண்டு தடவை விழுந்தது. அவர் அதையும் சாப்பிட்டார். போன் அடிக்கும்போதெல்லாம், யாருக்கு மௌத்து என்று முன்பு பயந்தது போல, என் படிப்புக்கு மௌத்து என்று பயந்தேன். போனை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவளுக்குப் பட்டம் எதற்கு என்று என்னையே திட்டினேன். அப்படித் திட்டினால் அடுத்த நிமிடம் வீம்பு வரும். எழுதியது நான்தானே, நேரத்துக்கு அனுப்பியதும் நான்தானே, ஒரு வட்டம்தானே மாறியது என்று எனக்கு நானே வழக்காடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தட்டில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மகள் போனைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடி வந்தாள். திரையில் பச்சைச் செடி. இந்த முறை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் தொட்டேன்.

“தங்கச்சி, சபை உங்கட விடைத்தாளை ஏத்துக்கொண்டிட்டு” என்றார் மெடம்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஈரச் சாரனைப் பிடித்துக்கொண்டு தூணடியில் இருந்துவிட்டேன். மெடம் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார். தலைவரின் கடிதத்தைச் சபையில் வாசித்தார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க ஏழாம் பக்கத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார்களாம். “எல்லாரும் பாத்தம். அதே விரல்தான்” என்றார். அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது. ஊர் பார்த்த கால்விரலைப் பல்கலைக்கழகமும் பார்த்துவிட்டது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது. வெட்கத்துக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

பெறுபேறு வர இன்னும் சில மாதங்கள் ஆயின. அந்த ஒரு வினாத்தாளில் சித்தி, பட்டமும் உறுதி. என் கணவர்தான் முதலில் பார்த்தார். போனை என்னிடம் நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “குழுவில போடவா?” என்று கேட்டார். கால்விரலை அழிக்கப் பார்த்த மனிசன், இப்போது தானாகவே கேட்கிறார்.

“போடுங்க. ஆனா அனுப்பிறது நான்.”

அவர் எழுதினார். நமது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் பட்டப்படிப்பை நிறைவு செய்துள்ளார், துஆச் செய்துகொள்ளவும் என்று இரண்டே வரி. பச்சைக் குவிமாடம்தானா என்று நன்றாகப் பார்த்து, நானே தொட்டு அனுப்பினேன்.

அரை நிமிடத்துக்குள் முதல் பதில் வந்தது. அன்றைக்கும் முதலாவதாகத் துஆ எழுதியிருந்த அதே மனிதர். இன்றைக்கும் திறந்து பார்க்காமல் அதே ‘இன்னாலில்லாஹ்’. அதற்குக் கீழே, இறைவனுக்கே புகழ் என்று தலைவரின் ‘அல்ஹம்துலில்லாஹ்’ வந்தது, பிறகு மோதினாருடையது, பிறகு வரிசையாக. நான் சிரித்த சிரிப்பில் மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். என் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை.

“அபசகுனமா இரிக்கி. அவருக்குப் போன் எடுத்து அழிக்கச் செல்றன்.”

“விடுங்க” என்றேன். “அழிக்க வேணாம்.”

அது இன்றைக்கும் அந்தக் குழுவில் இருக்கிறது. இன்னும் மேலே தள்ளிப் போனால் என் இருபத்தொரு பக்கமும் இருக்கின்றன.